கிளஸ்டரில் காணொளி தடைபடுவது எதனால்: லிங்க்கின் வேகமா, ரூட்டரின் வரிசையா?

ஏர்வாடி மாணவி:
கீழக்கரையில் ஒரு பயிற்சி மையம் பல சர்வர்களை ஒரே கிளஸ்டராக இணைத்துப் பாடக் காணொளிகளை ஓட்டுகிறது. அதே கிளஸ்டரில் பேக்கப் தொடங்கினால் போதும், ஆசிரியரின் கை கரும்பலகையிலேயே நின்றுவிடுகிறது; குரல் விட்டுவிட்டு வருகிறது. சர்வர்களை இணைக்கும் இப்போதைய லிங்க்கின் வேகம் நொடிக்கு 1 ஜிகாபிட். 10 ஆக்கினால் தீருமா?

மண்டபம் காக்கா:
தீரும். காணொளி நொடிக்கு 25 பிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 40 மில்லிநொடி அவகாசம். தரவை வழிமாற்றிவிடும் ரூட்டரில் 1 மெகாபைட் பேக்கப் தரவு வரிசையில் காணொளிக்கு முன்னால் நின்றால், 1 ஜிகாபிட் லிங்க்கில் 8 மில்லிநொடி காத்திருப்பு. மூன்று ரூட்டர் தாண்டினால் 24. பத்து ஜிகாபிட்டில் அதுவே 2.4 தான். ரூட்டருக்குள் சிக்கலை ஏற்றிப் பணத்தைக் கரைப்பானேன்?

தொண்டி தம்பி:
கணக்கு சரி, காக்கா. ஆனால் வரிசை 1 மெகாபைட்டோடு நிற்கும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? எட்டு சர்வர்கள் ரூட்டரின் ஒரே வெளிப்போர்ட்டுக்கு, அதாவது தரவு வெளியேறும் ஒரே வாயிலுக்கு, அனுப்பினால் எந்த வேகத்திலும் நெரிசல்தான். கிடைக்கும் வேகத்தையெல்லாம் பேக்கப் விழுங்கிவிடும். கிளஸ்டர்களுக்கான மைரிநெட் போன்ற வார்ம்ஹோல் வலைகளில், அதாவது பாக்கெட் எனும் தரவுத் துண்டு முழுதாக வந்து சேரும் முன்பே அதன் தலையை அடுத்த ரூட்டருக்கு அனுப்பிவிடும் வலைகளில், நிலைமை இன்னும் மோசம்: பாக்கெட்டின் தலை தடைபட்டால் உடல் பல ரூட்டர்களில் நீண்டு கிடந்து வழியை மறிக்கும். ஒற்றைத் தண்டவாளத்தில் நின்றுவிட்ட சரக்கு ரயிலுக்குப் பின்னால் ராமேசுவரம் எக்ஸ்பிரஸ் காத்துக்கிடப்பதைப் போன்றது. இதற்குத்தான் கணினி ஆய்வாளர் வில்லியம் டாலி மெய்நிகர் தடங்களை முன்வைத்தார். ஒரே கம்பிக்குப் பல தனித்தனி பஃபர்கள், அதாவது தரவு காத்திருக்கும் இடங்கள். ஒன்று நின்றாலும் இன்னொன்று கம்பியைப் பயன்படுத்திக்கொள்ளும்.

மண்டபம் காக்கா:
அப்படியானால் இரண்டு தடம் போதும். காணொளிக்கு முன்னுரிமை, மிச்சம் பேக்கப்புக்கு.

தொண்டி தம்பி:
காணொளி பெருகும் நாளில் பேக்கப் நடக்கவே நடக்காது. 1990இல் வலையமைப்பு ஆய்வாளர் லிக்ஸியா ஜாங் முன்வைத்த விர்ச்சுவல் கிளாக் முறையைப் பாருங்கள். ஒவ்வோர் ஓடைக்கும் (ஒரு காணொளியோ பேக்கப்போ தொடர்ந்து அனுப்பும் தரவு) ஒதுக்கிய வேகத்தைக் கொண்டு பாக்கெட்டுகளுக்கு நேர முத்திரை இடப்படும். சிறிய முத்திரை முதலில் போகும். அளவுக்கு மீறி அனுப்பும் ஓடை தானாகப் பின்தங்கிவிடும்.

மண்டபம் காக்கா:
குறையே அதில்தான் இருக்கிறது. கூட்டமில்லாத வேளையில் கூடுதலாக அனுப்பிய ஓடையும் பிறகு தண்டிக்கப்படுகிறது. எம்பெக் முறையில் சுருக்கப்பட்ட காணொளியின் தரவு வேகம் காட்சிக்குக் காட்சி மாறும். அதற்கு இது அநியாயம். மேலும், கிளஸ்டர்களை இணைக்கும் இன்பினிபேண்ட் என்ற வலைத் தொழில்நுட்பத்தில் ஒரு லிங்க்குக்கு அதிகபட்சம் 16 தடங்கள். அவற்றில் ஒன்று நிர்வாகத்துக்குப் போய்விடும். இத்தனை மாணவர்களுக்கு ஆளுக்கொரு தடம் எங்கிருந்து வரும்?

தொண்டி தம்பி:
ஆளுக்கொன்று வேண்டாம். நேரலைக்கு ஒன்று, பதிவுப் பாடத்துக்கு ஒன்று, பேக்கப்புக்கு ஒன்று. தடங்களுக்கு எடை வைத்துப் பங்கிடும் வசதி இன்பினிபேண்டிலேயே இருக்கிறது. கொள்ளளவு நிறைந்தபின் வரும் ஓடையை வாசலிலேயே மறுத்துவிட வேண்டும். ஒருவரைச் சற்றுக் காத்திருக்கச் சொல்லலாம். வகுப்பு முழுவதற்கும் பாடம் அறுந்துபோகக் கூடாது.

மண்டபம் காக்கா:
வாசலில் மறுப்பதை நானும் ஏற்கிறேன். லிங்க் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. தங்கச்சி, பேக்கப் ஓடும்போது ஒருமுறை, நிறுத்தியபின் ஒருமுறை, அந்த வெளிப்போர்ட்டின் வரிசை நீளத்தையும் கைவிடப்பட்ட பாக்கெட் எண்ணிக்கையையும் எடுத்து இங்கே போடுங்கள்.