சிமுலிங்க்: எம்பிபிடி ஃபங்ஷன் பிளாக்கில் பிழை. கோடைத் (நிரலைத்) திருத்துவதா, எக்ஸ்ட்ரின்சிக் போட்டுத் தாண்டுவதா?

சோலார்_மாணவி:
சிமுலிங்க்கில் எம்பிபிடி, அதாவது சோலார் பேனலை எப்போதும் உச்சித் திறனில் வைக்கும் கட்டுப்பாடு, செய்கிறேன். மாடல் இது: 250 வாட் பேனல் (உச்சித் திறன் 30 வோல்ட்டில்), பூஸ்ட் கன்வெர்ட்டர் (வோல்டேஜை உயர்த்தும் சுற்று), 48 வோல்ட் பேட்டரி. ஸ்விட்சிங் 20 கிலோஹெர்ட்ஸ், சிமுலேஷன் ஸ்டெப் 5 மைக்ரோசெகண்ட். பெர்டர்ப் அண்டு அப்சர்வ் முறையை (சிறிது அசைத்து, பவர் கூடுகிறதா என்று பார்த்து அடுத்த அசைவை முடிவு செய்வது) மேட்லேப் ஃபங்ஷன் பிளாக்கில் எழுதியிருக்கிறேன். பவர் கூடியதா குறைந்ததா, வோல்டேஜ் கூடியதா குறைந்ததா என்று நான்கு இஃப் கிளைகள். ஒவ்வொன்றிலும் டியூட்டி (ஒரு சுழற்சியில் ஸ்விட்ச் ஆன் ஆகியிருக்கும் பங்கு) 0.005 ஏறும் அல்லது இறங்கும். ரன் கொடுத்தால் இரண்டு பிழைகள். வெளியீடான டியூட்டிக்குச் சில பாதைகளில் மதிப்பே தரப்படவில்லை என்பது ஒன்று. முந்தைய வோல்டேஜை வைக்கும் பெர்சிஸ்டென்ட் மாறி (அழைப்புகளுக்கு இடையே மதிப்பைத் தக்கவைப்பது) டபுள் (64 பிட் எண்), அதில் சிங்கிள் (32 பிட் எண்) வருகிறது, வகை பொருந்தவில்லை என்பது இன்னொன்று.

வேகன்:
ஃபங்ஷனைத் தனி எம் ஃபைலாகச் சேமியுங்கள். பிளாக்குக்குள் கோடர்.எக்ஸ்ட்ரின்சிக் என்று அதன் பெயரை அறிவியுங்கள்; பிளாக் அதைக் கம்பைல் செய்யாமல் மேட்லேபிடமே ஓட்டக் கொடுக்கும். அடுத்த வரியில் டியூட்டிக்கு 0 கொடுத்துவிட்டு ஃபங்ஷனை அழையுங்கள். அந்த 0 இல்லாவிட்டால் திரும்பி வருவது எந்த வகை, எந்த அளவு என்று பிளாக்குக்குத் தெரியாது. இரண்டு பிழையும் போய்விடும். ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு இது போதும்.

நிலைமாறி:
பிழை போகாது, கம்பைல் நேரத்திலிருந்து ரன் நேரத்துக்கு இடம் மாறும். பவர் வித்தியாசம் சரியாக 0 ஆகும்போது நான்கு கிளையில் எதிலும் நுழையாது. அந்த நொடியில் மேட்லேப் அதே புகாருடன் சிமுலேஷனை நிறுத்தும்.

அதைவிடப் பெரிய ஆபத்து பெர்சிஸ்டென்ட் மாறிகளில் இருக்கிறது. பிளாக்குக்குள் எழுதினால் ஒவ்வொரு ரன்னுக்கும் அவை புதிதாகத் தொடங்கும், ஒவ்வொரு பிளாக்குக்கும் தனிப் பிரதி இருக்கும். வெளியே எம் ஃபைலில் இருந்தால் முந்தைய ரன்னின் கடைசி மதிப்பு அப்படியே தங்கிவிடும். இரண்டு பேனலுக்கு இரண்டு பிளாக் வைத்தால் இரண்டும் ஒரே நினைவைப் பகிர்ந்து ஒன்றையொன்று கெடுக்கும். முதல் ரன்னில் சரியாக வந்த கிராஃப் இரண்டாவது ரன்னில் வேறாக வந்தால் காரணம் இதுதான்.

வேகன்:
இனிட்ஃபங்ஷன் கால்பேக்கில் (ஒவ்வொரு ரன்னின் தொடக்கத்திலும் தானாக ஓடும் இடம்) ஒரு கிளியர் கட்டளை போட்டால் பழைய மதிப்பு அழிந்துவிடும். வேகத்தைக் காரணம் காட்டுவீர்கள் என்றால், எம்பிபிடி 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் ஓட வேண்டும். ஒரு செகண்ட் சிமுலேஷனுக்கு 1000 அழைப்பு. அது சுமையே இல்லை.

நிலைமாறி:
1000 அழைப்பு சுமையில்லை, அதை ஏற்கிறேன். ஆனால் மாணவி சாம்பிள் டைம் (பிளாக் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஓடும் என்பது) எங்கும் குறிப்பிடவில்லை. இன்ஹெரிட்டட் என்று விட்டிருந்தால் பிளாக் 5 மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை ஓடும், செகண்டுக்கு 2 லட்சம் அழைப்பு. அப்போது எக்ஸ்ட்ரின்சிக் தவழும். இந்தக் கோடையே பிறகு மைக்ரோகன்ட்ரோலரில் இறக்க நினைத்தால் எக்ஸ்ட்ரின்சிக் அங்கே செல்லாது.

மாணவி, நேரான திருத்தம் இது. ஃபங்ஷனின் தொடக்கத்திலேயே, இஃப்களுக்கு முன்னால், புதிய டியூட்டிக்குப் பழைய டியூட்டியைக் கொடுங்கள். எல்லாப் பாதையிலும் மதிப்பு இருக்கும், முதல் பிழை தீர்ந்தது. இரண்டாவதற்கு, இஸ்எம்ப்டி சோதனைக்குள் (மாறி இன்னும் காலியா என்று பார்க்கும் இடம்) வெறும் 0 எழுதாமல் ஜீரோஸ் ஃபங்ஷனில் 'லைக்' என்று உள்ளீட்டு வோல்டேஜைக் காட்டுங்கள். மாறி அதே வகையில் பிறக்கும். முந்தைய பவருக்கும் அப்படியே. திருத்திய பிறகும் பழைய பிழையே வந்தால் பழைய பில்டு கோப்புகள் இருக்கும் எஸ்எல்பிஆர்ஜே ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி பில்டு செய்யுங்கள்.

அடுக்குப்படம்:
கோடே எதற்கு? பவர் வித்தியாசம், வோல்டேஜ் வித்தியாசம் இரண்டையும் பெருக்கி சைன் பிளாக்கில் (எண்ணின் குறியை மட்டும் +1, 0, −1 என்று தருவது) விட்டு −0.005 ஆல் பெருக்கி, யூனிட் டிலே (முந்தைய மதிப்பை ஒரு அடி தாமதித்துத் தருவது) வைத்துக் கூட்டுங்கள். நான்கு கிளையும் ஒரே வரியில் அடங்கும், எல்லா சிக்னலும் கண்ணுக்குத் தெரியும். அல்ஜீப்ரயிக் லூப் (வெளியீடு அதே கணத்தில் தன் உள்ளீட்டையே சார்ந்திருப்பது) எச்சரிக்கை வந்தால் டியூட்டி வெளியீட்டில் 1 மில்லிசெகண்ட் யூனிட் டிலே ஒன்று போடுங்கள், தொடக்க மதிப்பு 0.375. 48 வோல்ட்டில் 30 வோல்ட் வேண்டுமானால் டியூட்டி அதுதான்.

நிலைமாறி:
இரண்டு இடத்தில் மறுக்கிறேன்.

சைன் பிளாக் 0-க்கு 0 தரும். டியூட்டி மேல் வரம்பான 0.85-ஐத் தொட்டால் அடுத்த அடியில் வோல்டேஜ் மாறாது, பெருக்கம் 0, டியூட்டி அங்கேயே உறைந்துவிடும். வெயில் மாறினால் தவிர அசையாது. என் வழி: திசை என்று ஒரு பெர்சிஸ்டென்ட் மாறி (+1 அல்லது −1). பவர் குறைந்தால் திசையைத் திருப்பு. வரம்பைத் தொட்டாலும் திருப்பு. பிறகு எப்போதும் ஒரு படி நகர். இதில் வோல்டேஜ் வித்தியாசமே தேவையில்லை. பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜைக் குறைக்கும் சுற்று) கோடைப் பூஸ்டுக்கு எடுத்துப் போட்டு, குறி தலைகீழாகி, டியூட்டி வரம்புக்கு ஓடும் பிழையும் இதில் வராது.

டியூட்டியில் 1 மில்லிசெகண்ட் டிலே போடுவதுதான் உண்மையான பொறி. இந்த அடியில் கணக்கிட்ட டியூட்டி அடுத்த அடியில்தான் கன்வெர்ட்டருக்குப் போகும். அப்போது அளக்கும் பவர் அதற்கும் முந்தைய டியூட்டியுடையது. பழைய செய்தியைப் பார்த்துத் திசை திருப்புகிறோம். காகிதத்தில் போட்டுப் பாருங்கள், உச்சியை 0 என்று வைத்து, ஒவ்வொரு அடியிலும் டியூட்டி அதிலிருந்து எத்தனை படி தள்ளி என்று: 0, 1, 2, 1, 2, 3, 2, 3, 4, 3, 4, 5. மூன்று அடிக்கு ஒரு படி வீதம் உச்சியை விட்டு விலகிக்கொண்டே போகிறது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. லூப்பை உடைக்க வேண்டுமானால் அளவீட்டுப் பக்கம், வோல்டேஜிலும் கரண்ட்டிலும், சிமுலேஷன் ஸ்டெப் அளவு டிலே போடுங்கள். 1 மில்லிசெகண்டுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

அடுக்குப்படம்:
அந்தப் பட்டியல் உங்கள் திசை மாறி முறைக்குத்தான். என் சைன் முறையில் வோல்டேஜ் வித்தியாசமும் அதே அளவு பின்தங்கியே வரும், ஆகவே குறி சரியாக இருக்கும். உச்சியைச் சுற்றி ஊசலாட்டம் அகலமாகுமே தவிர ஓடிப்போகாது. அளவீட்டுப் பக்கம் டிலே போடுவது மேல், அதில் சண்டையில்லை. வரம்பில் உறைவதற்கு 0 வந்தால் +1 தரும் ஸ்விட்ச் ஒன்று போதும்.

நிலைமாறி:
குறி பற்றி நீங்கள் சொன்னது சரி. ஸ்விட்ச் +1 தந்தால் மேல் வரம்பில் எந்தப் பக்கம் தள்ளும் என்று பாருங்கள். −0.005 ஆல் பெருக்குவதால் டியூட்டி இறங்கும், தப்பிக்கும். கீழ் வரம்பான 0.1-இல் அதே +1 இன்னும் கீழே தள்ளும், அங்கே உறையும். வரம்புக்கு ஒரு திசை வேண்டும். அதை மூன்று வரிக் கோடு தெளிவாகச் சொல்லும்.

சோலார்_மாணவி:
திசை மாறியுடன் கம்பைல் ஆகிவிட்டது. பிளாக் ப்ராப்பர்ட்டியில் டிஸ்க்ரீட், 0.001 கொடுத்தேன். ஆனால் டியூட்டி 0.005 ஏறினாலும் பேனல் வோல்டேஜ் அசைவதில்லை. சில நேரம் திடீரென்று குதிக்கிறது.

நிலைமாறி:
ஃபங்ஷனில் தவறில்லை. 20 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுழற்சி 50 மைக்ரோசெகண்ட். ஸ்டெப் 5 மைக்ரோசெகண்ட் என்றால் ஒரு சுழற்சியில் 10 புள்ளிதான், டியூட்டி 10 சதவீதப் படிகளில் மட்டுமே மாற முடியும். 0.005 தெரிய வேண்டுமானால் ஸ்டெப் 0.25 மைக்ரோசெகண்ட் வேண்டும். 1 மில்லிசெகண்டில் அது சரியாக 4000 முறை அடங்கும். 0.3 என்று வைத்தால் அடங்காது, சாம்பிள் டைம் பிழை வரும்.

வேகன்:
அந்த ஸ்டெப்பில் சாதாரண லேப்டாப் திணறும். எம்பிபிடியை மட்டும் சோதிக்க ஆவரேஜ் மாடல் (ஸ்விட்சிங்கை விட்டுச் சராசரியை மட்டும் கணக்கிடுவது) போதும். அதில் பிடபிள்யூஎம் (ஸ்விட்சை டியூட்டிப்படி ஆன், ஆஃப் செய்யும் துடிப்பு) இல்லை, இந்தப் படிக் கணக்கும் இல்லை.

நிலைமாறி:
இதில் உங்களோடு உடன்படுகிறேன். அதற்கும் முன்னால் கன்வெர்ட்டரே இல்லாமல் ஒரு சோதனை செய்யுங்கள்: வோல்டேஜ் = 48 × (1 − டியூட்டி), பவர் = 250 − 0.8 × (வோல்டேஜ் − 30)². டியூட்டி 0.3-இல், திசை +1-இல் தொடங்கினால் 15 படியில் 0.375-ஐ அடையும், பிறகு 0.370, 0.375, 0.380 மூன்றுக்குள் மட்டும் ஊசலாடும். நான்காவது மதிப்பு ஒன்று தெரிந்தால் எங்கோ ஒரு டிலே கூடுதலாக இருக்கிறது. ஸ்விட்சிங் மாடலுக்குத் திரும்பும்போது வோல்டேஜையும் கரண்ட்டையும் 50 மைக்ரோசெகண்ட் சராசரி எடுத்த பிறகே பிளாக்குக்குக் கொடுங்கள். இல்லையென்றால் ஸ்விட்சிங்கால் வரும் சிறு அலைவான ரிப்பிளைப் பவர் மாற்றம் என்று எண்ணித் திசை திரும்பும்.