காபி ஷாப் கவுன்டரில் நம் இங்கிலீஷ் எங்கே சிக்குகிறது? பெங்களூரு அனுபவங்கள்

அல்சூர்வாசி
ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் இந்திராநகர், கோரமங்களா கடைகளில் முதலில் தடுக்கி விழுவது எஸ்பிரெஸோவில்தான். கல்யாண வீட்டில் நுரை பொங்க, மேலே சாக்லேட் பொடி தூவித் தருவதை நாம் ‘எக்ஸ்பிரஸோ காபி’ என்கிறோம். அதே நினைப்பில் இங்கே கேட்டால் சின்னக் கோப்பையில் 30 மி.லி. கறுப்புக் கஷாயம்தான் வரும். பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. கல்யாணக் காபிக்குக் கிட்டத்தில் இருப்பது கப்புச்சினோ. நுரை குறைந்து பால் தூக்கலாக வேண்டுமென்றால் லாட்டே. இரண்டிலும் சர்க்கரையை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். அமெரிக்கானோ என்பது எஸ்பிரெஸோவும் வெந்நீரும். அதைக் கேட்டதும் ‘ரூம் ஃபார் மில்க்?’ என்பார்கள். பால் ஊற்றக் கோப்பையில் இடம் விடவா என்று அர்த்தம், அறை எதுவும் தருவதில்லை!

பானஸ்வாடி பில்டர்
சொல்லும் வரிசை சரியாக இருந்தால் இலக்கணம் பாதி போதும். எத்தனை, அளவு, சூடா குளிரா, பானத்தின் பெயர், மாற்றம், கடைசியில் இங்கேயா பார்சலா. ‘ஒன் ஸ்மால் ஹாட் லாட்டே, நோ ஷுகர், டேக் அவே ப்ளீஸ்.’ முன்னால் ‘கேன் ஐ கெட்’ சேர்த்தால் இன்னும் பதவிசு. ‘ஐ வாண்ட்’ தப்பில்லை, ஆனால் அதட்டல் மாதிரி கேட்கும். ‘எனிதிங் எல்ஸ்?’ என்றால் ‘தட்ஸ் ஆல்’. ‘போதும்’ என்பதை ‘இனஃப்’ ஆக்க வேண்டாம்.

அளவுப் பெயர் கடைக்குக் கடை மாறும். ஸ்டார்பக்ஸில் டால் 354 மி.லி., கிராண்டே 473. டால் என்றால் உயரமாயிற்றே, அதுதான் பெரிசு என்று எண்ணிவிடாதீர்கள். குழப்பமாக இருந்தால் கோப்பையைக் கைகாட்டி ‘திஸ் சைஸ்’ என்றால் முடிந்தது.

கே.ஆர்.புரம் 36
எல்லாவற்றையும்விடப் பெரிய வில்லங்கம் ஆமா, இல்லைதான். ‘யூ டோண்ட் வாண்ட் ஐஸ்?’ என்று கேட்பார்கள். தமிழில் ‘ஆமா, வேண்டாம்’ என்போம், அந்தப் பழக்கத்தில் வாய் ‘யெஸ்’ என்றுவிடும். இங்கிலீஷில் அது ‘யெஸ், ஐ டூ’, அதாவது வேண்டும் என்று போய்ச் சேரும். கோப்பை நிறைய ஐஸ். நம்மூர்க் காதுள்ள பையன் கவுன்டரில் நின்றால் சரியாகப் புரிந்துகொள்வான், அதை நம்ப முடியாது. யெஸ், நோ இரண்டையும் விட்டுவிட்டு ‘நோ ஐஸ்’, ‘வித் ஐஸ்’ என்று பொருளோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

அல்சூர்வாசி
@கே.ஆர்.புரம் 36, சரியாகப் பிடித்தீர்கள். பில் போடும் முன் ‘கேன் யூ ரிப்பீட் தி ஆர்டர்?’ என்று கேட்டுவிட்டால் இந்தத் தப்பு அங்கேயே தெரிந்துவிடும்.

டிகாக்‌ஷன்
பில்டர் காபி நாக்குக்கு இங்கே தருவது ஆறினாற்போல் இருக்கும். காரணம், பாலை 60-65 டிகிரிக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். ஏற்றினால் பாலின் இனிப்பும் நுரையின் வழவழப்பும் போய்விடும். பரவாயில்லை என்றால் ‘எக்ஸ்ட்ரா ஹாட்’ கேளுங்கள். டிகாக்‌ஷன் தூக்கலாக என்பதற்கு ‘ஸ்ட்ராங்’ என்றால் ஆளுக்கு ஒரு அர்த்தம். ‘எக்ஸ்ட்ரா ஷாட்’, அதாவது இன்னொரு அளவு எஸ்பிரெஸோ, என்றால் தெளிவு, ஆனால் காசு கூடும்.

குளிரில் மூன்று வகை. கோல்ட் காபி என்றால் பால், சர்க்கரை சேர்த்து அடித்தது. ஐஸ்டு லாட்டேயில் இனிப்பு இராது. கோல்ட் புரூ என்பது தூளைத் தண்ணீரில் 12 மணி நேரத்துக்கு மேல் ஊறவைத்து வடித்தது, கேட்காமல் பால் வராது.

புதுசு_மாரத்தஹள்ளி
தர்ஷினியில், அதான் நின்றபடி சாப்பிடும் சின்ன ஓட்டலில், ஒரு காபியை இரண்டு பேருக்குப் பிரித்துத் தரக் கேட்கிற மாதிரி இங்கே பை-டூ கேட்கலாமா அண்ணா?

பானஸ்வாடி பில்டர்
அந்தப் பெயரில் கேட்டால் விழிப்பார்கள் தம்பி. ‘ஒன் கப்புச்சினோ, அண்ட் ஒன் எம்ப்டி கப் ப்ளீஸ்.’ நுரை ஒரே பக்கம் போய்விடும், ஸ்பூனால் பிரித்துக்கொள்ளுங்கள்.