கூட்டுத்தொகை சரி, மணலைத் தொட்டுப் பார்!

மணல், உப்பு, பென்சாயிக் அமிலம், ஒவ்வொன்றிலும் 2 கிராம் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். கல்லூரி முதலாண்டுச் செய்முறை வகுப்பு.

தாளில் எழுதும்போது சுலபம்தான். மணல் கரையவே கரையாது. உப்புக்குச் சூடும் குளிரும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 100 மி.லி. நீரில் 20 டிகிரியில் 36 கிராம் கரையும், கொதிக்கும்போது 39. பென்சாயிக் அமிலம் அப்படியில்லை. 25 டிகிரியில் 0.34 கிராம், கொதிநீரில் ஐந்தரை கிராம். ஆக, கொதிக்கவைத்து வடித்தால் மணல் தங்கும், ஆறினால் அமிலம் படிகமாகும், மிச்சத்தைச் சுண்டவைத்தால் உப்பு.

60 மி.லி. நீரில் கொதிக்கவிட்டுப் புனலில் ஊற்றினேன். நாலு சொட்டு இறங்கியது, அவ்வளவுதான். குனிந்து பார்த்தால் புனல் காம்புக்குள் வெள்ளை ஊசிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. புனல் குளிர்ந்திருக்கிறது, அமிலம் அங்கேயே படிந்துவிட்டது! கண்ணாடிக் குச்சியால் குத்தினேன். வடிதாள் கிழிந்து மணலும் கீழே போயிற்று. சரி, மறுபடி எல்லாவற்றையும் சூடாக்கி, இந்த முறை காம்பு குட்டையான புனலைக் கொதிநீரில் முக்கி எடுத்து வடித்தேன். சரசரவென்று இறங்கியது.

கடைசியில் உப்பைச் சுண்டவைக்கும்போது தொண்டை கமறி ஒரே இருமல். ஆறிய நீரிலும் 0.2 கிராம் அமிலம் கரைந்தே இருக்கும் என்பதை மறந்திருந்தேன், அதன் ஆவிதான்.

எடை: மணல் 2.3, அமிலம் 1.5, உப்பு 2.2. கூட்டினால் அச்சாக 6! பெருமையோடு காட்டினேன். ஆசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, "கூட்டுத்தொகை சரி, மணலைத் தொட்டுப் பாருப்பா" என்றார். ஈரம் பிசுபிசுத்தது.

*

இன்னொரு மாணவர்: எனக்கு வடிப்பதில் தொல்லையில்லை, கழுவுவதில்தான். அழகாக விழுந்த அமிலப் படிகங்களைக் குழாய்த் தண்ணீரால் தாராளமாக அலசினேன். கண்ணெதிரே குறைந்தது. ஐஸ் தண்ணீரில், அதுவும் சொட்டுச் சொட்டாக அலசியிருக்க வேண்டுமாம்.

*

மூன்றாவது மாணவர்: நான் வெடியுப்பையும் (பொட்டாசியம் நைட்ரேட்) சாதாரண உப்பையும் பிரித்தேன். வெடியுப்பு 100 மி.லி. நீரில் 20 டிகிரியில் 32 கிராம், கொதிநீரில் 240க்கு மேல் கரையும். அதனால் ஆறவிட்டாலே அது முதலில் விழுந்துவிடும். பொறுமையில்லாமல் சூடான பீக்கரை அப்படியே ஐஸில் வைத்தேன். மாவு மாதிரி பொடிப்பொடியாக விழுந்து, உப்புநீரையும் இடுக்கில் பிடித்துக்கொண்டது. கரைத்து, சாதாரண உப்பு இருந்தால் காட்டிக்கொடுக்கும் வெள்ளி நைட்ரேட் ஒரு துளி விட்டதும் பாலாகத் திரண்டது. இரண்டாம் முறை மேசையிலேயே மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது விரல் நீளத்துக்கு ஊசிகள்.