விழுப்புரம் லினக்ஸ் கூட்டமும் 32 மில்லிசெகண்டும்

திண்டிவனம் பக்கம் ப்ரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பம், ஜெராக்ஸ், லேமினேஷன் இதுதான் பிழைப்பு. விழுப்புரத்தில் நடக்கும் லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி, ஆனால் இலவசமான இயங்குதளம்) பயனர் குழுக் கூட்டத்துக்கு, கடைக்கு வரும் காலேஜ் பையன்தான் இழுத்துப் போனான். "காசெல்லாம் கிடையாதுக்கா, சும்மா வந்து உக்காருங்க."

பேச வந்தவர் ஸ்லைடு எதுவும் போடவில்லை. கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து, நம் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு சைட்டுக்குப் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட்டை ஓட்டினார். வழியிலுள்ள ஒவ்வொரு ரௌட்டருக்கும் ஒரு வரியாக ஐபி முகவரிகள், பக்கத்தில் மில்லிசெகண்ட் கணக்கு, நடுவில் சில வரிகளில் வெறும் நட்சத்திரம். நட்சத்திரம் வந்த இடத்து ரௌட்டர்கள் பதில் சொல்லாதாம்.

இது வேலை செய்யும் விதம்தான் எனக்குப் பிடித்தது. நெட்டில் தகவல் சின்னச் சின்னத் துண்டாகத்தான் போகும், அதுதான் பாக்கெட். ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஓர் எண் இருக்கும். வழியிலுள்ள ஒவ்வொரு ரௌட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். பூஜ்ஜியமானால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அனுப்பியவருக்குத் தகவல் சொல்லிவிடும். டிரேஸ்ரூட் வேண்டுமென்றே 1, 2, 3 என்று எண்ணை வைத்து அனுப்பி, திரும்பி வரும் சாவுச் செய்திகளை வைத்தே வழியைக் கண்டுபிடிக்கிறது. யோசித்தவன் கெட்டிக்காரன்!

"இதெல்லாம் சேட்டிலைட்லதானே வருது?" என்றார் ஒரு பெரியவர். பேச வந்தவர் "இல்லீங்க, பெரும்பாலும் கடலடி கேபிள்லதான்" என்று போர்டுக்குப் போனார். 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஐ2ஐ என்று ஒரு கடலடி கேபிள் போட்டார்கள். நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 6,400 கிலோமீட்டர், அதாவது 32 மில்லிசெகண்ட். "எந்த பிளான் போட்டாலும் இதுக்குக் கீழ வராது. எம்பிபிஎஸ்ங்கறது நொடிக்கு எவ்வளவு தகவல் வருதுங்கற கணக்கு, இது போய்வர ஆகற நேரம். அது வேற, இது வேற."

'நூறு எம்பிபிஎஸ்னு போர்டு வச்சிருக்கீங்க, சைட் திறக்கலையே' என்று கடையில் சண்டைக்கு வருகிறவர்களுக்கு என்ன சொல்வதென்று அன்றைக்குத்தான் புரிந்தது. இப்போது முதலில் கடை ரௌட்டருக்கே பிங் கொடுக்கிறேன், அதாவது ஒரு பாக்கெட் அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று பார்க்கிறேன். அங்கேயே 200 என்று காட்டினால் வைஃபைதான் கோளாறு. அங்கே 1, 2 என்று வந்து, வெளியே மற்ற சைட்டுகளும் ஒழுங்காகத் திறந்தால் சிக்கல் அந்த சைட்டின் பக்கம். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றால் கேட்கவே வேண்டாம். "காலைல ஆறு மணிக்கு வாங்க, போட்டுத் தரேன்" என்று அனுப்பிவிடுவேன்.

கூட்டத்தின் பிற்பாதி மென்பொருள் உரிமங்களைப் பற்றி. நேர்மையாகச் சொன்னால் தூக்கம் வந்தது. அதற்கப்புறம் டீக்கடையில் நின்று பேசியதுதான் உருப்படி.

சென்னையிலிருந்து ஒருவர்:
கேபிள் என்றதும் 2008 ஞாபகம் வந்தது. ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா பக்கம் சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்ற இரண்டு கடலடி கேபிள்களும் அறுந்துபோய் இந்தியா முழுக்க நெட் தள்ளாடியது. அடுத்த மாதம் ஐஐடி மெட்ராஸில் நடந்த லினக்ஸ் கூட்டத்தில் அறிவித்த தலைப்பை ஒருவரும் சீண்டவில்லை. ஆளாளுக்கு அவரவர் ஆபீஸ் டிரேஸ்ரூட்டைக் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவருடையதில் லண்டனுக்குப் போக வேண்டிய பாக்கெட் சிங்கப்பூர் பக்கம் திரும்பி, அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. 'சுறா கடிச்சிருக்கும்' என்று ஒருவர் சொல்ல, கடைசி பெஞ்சிலிருந்த நெட்வொர்க் அண்ணாச்சி விடவில்லை. உலகத்தில் கேபிள் அறுவதற்குப் பெரும்பாலும் காரணம் மீன்பிடி வலையும் கப்பல் நங்கூரமும்தான் என்று அரைமணி நேரம் வகுப்பெடுத்தார்.

கடலூரிலிருந்து ஒருவர்:
அக்கா, விழுப்புரம் கூட்டத்துக்கு லேப்டாப் இல்லாமல் வரலாமா? பெண்கள் வருகிறார்களா? தங்கையையும் அழைத்து வரலாம் என்று பார்க்கிறேன்.

திண்டிவனம்:
தாராளமா வாங்க தம்பி. நானே வெறுங்கையோடதான் போனேன். பொண்ணுங்க நிறைய வராங்க, கேள்வி கேக்கறதும் அவங்கதான். ஆண்ட்ராய்டு போன்ல டெர்மக்ஸ் மட்டும் போட்டு வச்சுக்கங்க, போன்லயே டெர்மினல் தர்ற ஆப் அது.