புதுப்பிப்பு: வசந்த கால மலைச்சரிவு நடை – பூ எப்போது, எந்த உயரத்தில்?

காட்டுப்பூக்கள் பார்க்க மலைப்பாதை தேர்வது பற்றிய முந்தைய இழையின் தொடர்ச்சி இது. "அடிவாரத்தில் பூ முடிந்துவிட்டதே, இனி போகலாமா?" என்பதுதான் அதிகம் வந்த கேள்வி. தாராளமாகப் போகலாம், மேலே ஏறுங்கள். 1918இல் அமெரிக்கப் பூச்சியியலாளர் ஹாப்கின்ஸ் வகுத்த கணக்குப்படி, உயரம் 120 மீட்டர் கூடினால் பூப்பது சுமார் 4 நாள் தள்ளிப்போகும். 600 மீட்டருக்கு 20 நாள். தோராயம்தான். வட அரைக்கோளத்தில் தெற்கு பார்த்த சரிவு முந்தும், வடக்குச் சரிவு பிந்தும்.

கலிபோர்னியா பாப்பி, துலிப் போன்ற பூக்கள் குளிரிலும் மேகமூட்டத்திலும் இதழை மூடிக்கொள்ளும். அதனால் விடியலிலேயே போய் நிற்பதில் பயனில்லை. வெயில் ஏறிய பிறகு பூவெளியை எட்டுமாறு கிளம்புங்கள். மலைநடைக்கு ஆகும் நேரத்தைக் கணிக்கும் நைஸ்மித் கணக்கு இதற்கு உதவும்: 5 கி.மீ. தூரத்துக்கு 1 மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 1 மணி நேரம். படம் எடுக்க நிற்பது இதில் சேராது (பூக்காலத்தில் நேரத்தைத் தின்பதே அதுதான்).

பாதை சேறாக இருந்தால் ஓரமாக ஒதுங்காமல் நடுவிலேயே மிதித்துப் போங்கள். ஒதுங்க ஒதுங்கப் பாதை அகலும், ஓரத்துச் செடிகள் நசுங்கும்.

உண்ணி கடித்திருந்தால் கூர்நுனி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். முறுக்கினால் வாய்ப்பகுதி ஒடிந்து உள்ளே தங்கிவிடலாம்.