புள்ளையே வேணாம்னு எழுதிக் கொடுத்தா ஜீவனாம்சம் நின்னுடுமா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

தண்டையார்பேட்டை அக்கா:
என் தங்கச்சிக்கு நடந்தது. மியூச்சுவல் டைவர்ஸ் பேச்சு, எங்க வீட்டு ஹால்லயே. மாப்பிள்ளை திடீர்னு ஒரு பத்திரத்தை எடுத்து டீபாய் மேல வெச்சான். "குழந்தை மேல எனக்கு உரிமை வேணாம், பார்க்கவும் வரமாட்டேன். நீயும் காசுன்னு வந்து நிக்கக் கூடாது." கையெழுத்துக்கு முன்னாடியே நோட்டரி சீல் குத்தியிருந்துச்சு! பாப்பா அந்தப் பத்திரத்து மேலயே பிஸ்கட்டை வெச்சு ஒடைச்சு ஒடைச்சு தின்னுட்டு இருந்தா. ஒருத்தரும் அவளைத் தூக்கல. அதான் இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது.

விட்டா போதும்னு தங்கச்சி கையெழுத்து போட்டுட்டா. அப்புறம் ஸ்கூல் பீஸ் கட்ட முடியல. வக்கீலம்மா பத்திரத்தைப் படிச்சுட்டு, "இது நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டது. குழந்தையோட உரிமையை விட்டுக்கொடுக்க நீங்க யாரு?"ன்னாங்க. பாப்பா பேர்ல மனு போட்டோம், உத்தரவு வந்துடுச்சு.

காசிமேடு தம்பி:
அந்த மாதிரி பத்திரத்துல வேணாம்னு எழுதப்பட்ட புள்ளை நான். அப்பா மீன்பிடி லாஞ்சிக்குப் போறவர். அம்மா கேஸ் போட்டு, வாரண்ட் வர்ற நிலைமை வந்தப்புறம்தான் கோர்ட்டுக்கு வந்தார். வராண்டால என்கிட்ட நோட்டுக்கட்டை நீட்டி "எண்ணிக்கோ"ன்னார். எனக்கு நினைவு தெரிஞ்சு அவர் என்கிட்ட பேசின முதல் வார்த்தை அதான். என்னால எண்ண முடியல, அப்படியே அம்மாகிட்ட கொடுத்துட்டேன்.

வியாசர்பாடி:
ஆம்பளை பக்கமும் கொஞ்சம் பாருங்க. எங்க அண்ணன், தன் பையன் பொறந்தநாளுக்கு சைக்கிள் வாங்கிட்டுப் போனான். கேட்டைத் தொறக்கவே இல்ல. புள்ளையைக் கண்ணுல காட்டாம பணம் மட்டும் மாசாமாசம் வேணுமா? உரிமை இல்லன்னா கடமையும் இல்ல, அவ்ளோதான்.

பெரம்பூர் பெரியவர்:
வியாசர்பாடி தம்பி, கோபம் நியாயம், முடிவு தப்பு. நான் வக்கீல் குமாஸ்தாவா இருந்தவன். அந்த வாதத்தைச் சொல்லிட்டு வந்தவங்க பணத்தைக் கட்டிட்டுத்தான் போனாங்க. புள்ளையைப் பார்க்குறது வேற கேஸ், சோறு போடுறது வேற கேஸ். அண்ணனை 1890 கார்டியன் சட்டத்துல, அதாவது குழந்தையோட பாதுகாவலர் யாருன்னு முடிவு பண்ற சட்டத்துல மனு போடச் சொல்லுங்க, பார்க்குற உரிமையைக் கேட்கலாம். பணத்தை மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க.

மத்தவங்களுக்கும் சொல்றேன். ஜீவனாம்சம் கேட்குற பழைய சி.ஆர்.பி.சி. 125-ம் பிரிவுதான் 2024 ஜூலையிலிருந்து புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ல 144-ம் பிரிவு. எந்த மதமா இருந்தாலும் அதுல மனு போடலாம். மனு போட்ட தேதியிலிருந்தே பணம் கணக்காகணும்னு 2020 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ரெண்டு பேரும் சொத்து, வருமானம் எல்லாத்தையும் அபிடவிட்ல, அதாவது சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்குற வாக்குமூலத்துல காட்டணும். பாக்கி விழுந்தா ஒரு வருஷத்துக்குள்ள வசூல் மனு போட்டுடுங்க. நாள் தாண்டினா வாரண்ட் வாங்க முடியாது. அவன் ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தாலும் பாக்கி தீராது. வக்கீலுக்குக் காசில்லன்னா இலவச சட்ட உதவி நம்பர் 15100-க்குப் போன் பண்ணுங்க. பொம்பளைங்களுக்கும் குழந்தைங்களுக்கும் வருமானம் பார்க்காம இலவசமா வக்கீல் வெச்சுத் தருவாங்க.

பெத்தவங்க பொறுப்பு போறதுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, குழந்தையைச் சட்டப்படி வேற குடும்பம் தத்தெடுக்குறது. இந்துக்களுக்கு 1956 தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டப்படி அப்போதான் பெத்தவங்க உறவு அறுந்து, பொறுப்பு தத்தெடுத்தவங்களுக்குப் போகும். அம்மா மறுகல்யாணம் பண்ணிக்கிட்டதாலயே அப்பா பொறுப்பு போயிடாது. நோட்டரி பேப்பராலயும் போகாது.

வியாசர்பாடி:
ஐயா, அந்தப் பார்க்குற மனுவை எங்க போடணும்?

பெரம்பூர் பெரியவர்:
புள்ளை எங்க இருக்கோ அந்த ஊர்க் கோர்ட்ல. சென்னைன்னா பாரிமுனை ஹைகோர்ட் வளாகத்துல இருக்கிற குடும்ப நல நீதிமன்றம்.

தண்டையார்பேட்டை அக்கா:
ஐயா, அந்த ஒரு வருஷக் கணக்கு எங்களுக்குத் தெரியாது. தீபாவளியிலிருந்து அவன் ஒத்தைப் பைசா போடல. தங்கச்சிக்கு இப்பவே போன் பண்ணிட்டேன். திங்கக்கிழமை பாஸ்புக்கை எடுத்துக்கிட்டு வக்கீலம்மாவைப் பார்க்கப் போறோம்.