பர்மா அரிசி மில் அழிந்தது எப்படி? தடம் தேட உதவி வேண்டும்

வணக்கம். எங்கள் ஊர் காரைக்குடிப் பக்கம். ஐயாவின் அப்பாவுக்குப் பெகு பக்கத்தில் அரிசி மில் ஒன்று இருந்தது. 1942-ல் அது அழிந்தது. யார் அழித்தார்கள் என்பதுதான் தெரியவில்லை.

குண்டு விழுந்தது என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் பெட்டகத்தில் கிடைத்த, ஓரமெல்லாம் கரையான் அரித்த கடிதம் ஒன்றில் “பாய்லரை வெடி வைத்து உடைத்தார்கள், பெல்ட்டை வெட்டிப் போட்டார்கள்” என்று இருக்கிறது. கையெழுத்து மேலாளுடையது, தேதி இருந்த மூலை போய்விட்டது.

ஜப்பானியர் கையில் எதுவும் சிக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் படை பின்வாங்கும்போது மார்ச்சில் சிரியம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையையும் ஏப்ரலில் ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளையும் தானே அழித்தது. மில்லும் அந்தக் கணக்கில் போயிருக்குமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. நெல்லை அரைக்கும் இடம் போனால் ஊரே அல்லவா பட்டினி கிடக்கும்!

பேரேடுகளைப் புரட்டிவிட்டேன், 1941-உடன் நிற்கின்றன. பர்மாவிலிருந்து நடந்தே வந்த குடும்பங்களில் விசாரித்தேன். சென்னையில் ஓர் ஆவணக் காப்பகத்திலும் இரண்டு நாள் தேடினேன். அப்புறம் வழி தெரியவில்லை.

படையே அழித்த தனியார் மில்களின் பதிவை எந்த ஆவணத் தொகுப்பில் தேட வேண்டும்?